விடுபற்றி

"ஆட்டோமேட்டிக் வண்டியை யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம்" என்ற வாக்கியத்தைப் பல வருடங்களாகப் பல குரல்களில் கேட்டுவருகிறேன். தமிழ் நடத்துகிறவளுக்கு ஒரு வாக்கியம் காதில் விழுந்ததும் அதன் எழுவாயைத் தேடும் புத்தி போவதில்லை. இதன் எழுவாய் 'யார் வேண்டுமானாலும்'. மிக்சியை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றால் அது விளம்பரம். பிக்கப் வண்டியை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றால் அது புகார். சொல்கிறவரின் தொனியில் எதையோ பறிகொடுத்த வருத்தம் இருக்கிறது. யார் வந்துவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள் என்று கேட்டால் நேரான பதில் வராது. "அப்படி இல்லீங்க மேடம், கியர் போட்டு ஓட்டுறதுலதான் ஒரு இது இருக்குது" என்பார்கள். அந்த 'ஒரு இது' என்னவென்று யோசித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

கார் என்றால் பேச்சு மைலேஜ், டிராஃபிக், முழங்கால் வலி என்று எளிதாகப் போய்விடும். 2014இல் மாருதி செலேரியோ கிளட்ச் மிதி இல்லாத கியரைக் குறைந்த விலையில் கொண்டுவந்த பிறகு நடுத்தர வீடுகளுக்குள் அது கூச்சமில்லாமல் நுழைந்துவிட்டது. சரக்கு ஏற்றும் பிக்கப்பின் கதை வேறு. அது பிழைப்பு. நான் இருக்கும் நாமக்கல் பக்கத்தில் லாரிக்கு பாடி கட்டுவதும், லாரி ஓட்டுவதும், லாரிக்குக் கடன் வாங்கிவிட்டுத் தூங்காமல் இருப்பதும் வீட்டுக்கு வீடு உண்டு. என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ ஸ்டியரிங் பிடித்தவர். யாப்பு புரியாத பிள்ளைக்கும் லோடு, வாடகை, எஃப்.சி. எல்லாம் புரியும். ஆனால் அவர்களில் ஒருத்திகூட வீட்டு வண்டியின் கியர் கம்பியைத் தொட்டதில்லை. ஒவ்வொரு வருடமும் கேட்டுப் பார்க்கிறேன்.

கியருக்குத் தமிழ் உண்டு. பல்லிணை, பற்சக்கரம் என்று எழுதுகிறார்கள், யாரும் பேசுவதில்லை. கிளட்சை 'விடுபற்றி' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சொல்லை உருவாக்கியவர் யாரென்று தெரிந்தால் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். விடுவதும் பற்றுவதும் ஒரே மிதியில். எஞ்சினோடு சுழலும் தட்டும் கியர்ப்பெட்டிக்குப் போகும் தட்டும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இடது காலை அழுத்தினால் பிடி விடுகிறது. மெல்ல எடுத்தால் மறுபடி பற்றுகிறது. விட்டதும் பற்றாததுமான அந்த நடுப்புள்ளியைத்தான் 'ஆஃப் கிளட்ச்' என்கிறோம். ஏற்றத்தில் லோடோடு நிற்கும் வண்டியைப் பின்னால் உருளவிடாமல் கிளப்புவது அந்தப் புள்ளியில்.

கியர் எதற்கு என்பதை மலைப்பாதை பார்த்தவர்களுக்கு விளக்குவது சுலபம். கொல்லிமலைக்கு நேராகப் போட்டால் பாதை குறைவு, ஆனால் எந்த வண்டியும் ஏறாது. அதனால்தான் 70 கொண்டை ஊசி வளைவுகள். தூரத்தைக் கூட்டிச் செங்குத்தைக் குறைத்திருக்கிறார்கள். முதல் கியரும் அதே வேலையைத்தான் செய்கிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் பல சுற்றுச் சுற்றட்டும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சுமை குறையட்டும் என்பது ஏற்பாடு. வேகம் வந்த பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. எப்போது மாற்றுவது என்று தீர்மானிக்க ஒருவர் வேண்டும். கை கியரில் அவர் ஓட்டுநர். ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையை வண்டியே செய்துகொள்கிறது. பழைய முறை ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய்க்குள் எதிரெதிராக இரண்டு விசிறிகள் இருக்கும். ஒன்று சுழன்று எண்ணெயைத் தள்ள, மற்றது சுழலும். நடுவே கால் தேவையில்லை. வித்தியாசம் இவ்வளவுதான். இந்த வித்தியாசத்தின் மேல் எவ்வளவு மானமும் அவமானமும் ஏற்றி வைத்திருக்கிறோம் என்பதுதான் வியப்பு.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் விட்டுப்போனது ஒரு குட்டி யானையும் அதன் மேல் கடனும். 2005இல் டாடா ஏஸ் வந்த புதிதில் அதன் எஞ்சின் இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். பெயருக்கேற்ற உழைப்பு. சம்பளத்துக்கு டிரைவர் வைத்தார். ஒருவர் தினம் வரவில்லை, இன்னொருவர் டீசலைத் திருடினார். மூன்றாவதாகத் தானே உட்கார்ந்தார். விடிகாலை மூன்று மணிக்குக் காய் ஏற்றி உழவர் சந்தைக்குப் போய், திரும்பும்போது வேறு வாடகை பிடித்து வருவார். இப்போது ஐம்பத்திரண்டு வயது. இடது முழங்கால் போய்விட்டது. நாளெல்லாம் கிளட்சை மிதித்த கால் அது. கியர் இல்லாத மின்சார வண்டி வந்திருக்கிறதாமே, இதைத் தள்ளிவிட்டு அதை எடுக்கலாமா என்று ஸ்டாண்டில் பேச்செடுத்திருக்கிறார். "அது பொம்மை வண்டிக்கா, லோடு இழுக்காது" என்றார் ஒருவர். இன்னொருவர், அவரும் நல்ல மனிதர்தான், "இத்தனை நாள் கியர் வண்டி ஓட்டுன பேரு உனக்கிருக்குது. அதுல ஏறுனா உன்னை யாருக்கா டிரைவர்னு சொல்லுவாங்க?" என்று கேட்டிருக்கிறார். அக்கா என்னிடம் வந்து, "நீ படிச்சவ, சொல்லு கண்ணு, கியர் இல்லாம ஓட்டுனா அது ஓட்டுறது இல்லியா?" என்றார். முழங்காலைப் பற்றியோ கடனைப் பற்றியோ கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். பத்து வருடம் பாடுபட்டு வாங்கிய பெயரைப் பற்றிக் கேட்டார்.

இந்த வாதம் ஏறக்குறைய முடிந்துபோன நாடு ஒன்று உண்டு. பிக்கப் என்ற வண்டியை ஆண்மையின் சின்னமாக்கி வைத்திருக்கிற அமெரிக்காதான் அது. ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ரா-மேட்டிக்' என்ற முழுத் தானியங்கிக் கியரை 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் விற்கத் தொடங்கியது. உலகப் போர் வந்ததும் அதே ஹைட்ரா-மேட்டிக்கை ராணுவம் எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில் பொருத்திக்கொண்டது. கிளட்ச் மிதிக்கத் தெரியாத சிப்பாய் என்று யாரும் அவர்களைக் கேலி செய்ததாகக் கேள்விப்பட்டதில்லை. போர் முடிந்து அதே பொருள் குடும்பக் கார்களுக்குத் திரும்பி வந்தபோது, அது வீட்டுப் பெண்ணுக்கு ஏற்ற சௌகரியம் என்று பேசப்பட்டது. 1953இல் ஃபோர்டு எஃப்-100 பிக்கப்பிலும் விரும்பினால் ஆட்டோமேட்டிக் வாங்கிக்கொள்ளலாம் என்றானது. கைக்குக் கியர் போடுகிறவனே நிஜ டிரக்காரன் என்ற பேச்சு அதன் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. எஃப்-150இல் கை கியர் 2008 மாடலோடு நின்றது. பெரிய பிக்கப்புகளில் கடைசியாகக் கை கியர் கொடுத்துக்கொண்டிருந்தது ராம் நிறுவனத்தின் கனரக டீசல் வண்டி. அதுவும் 2018 மாடலோடு முடிந்தது.

அந்தக் கடைசி வண்டியின் கணக்கு எனக்குப் பிடித்தது. ஒரே கம்மின்ஸ் எஞ்சின். கை கியரோடு வாங்கினால் அதன் முறுக்கு விசையை 660 பவுண்டு-அடிக்குக் குறைத்துக் கொடுத்தார்கள். கனத்த வேலைக்கான ஆட்டோமேட்டிக்கோடு வாங்கினால் 930. வலிமையானவனின் கியர் என்று பேர் வாங்கியது குறைவாக இழுத்தது, 'யார் வேண்டுமானாலும்' ஓட்டக்கூடியது அதிகமாக இழுத்தது. சரி, கியர் கம்பி போனதே, பிக்கப்பின் ஆண்மையும் கூடவே போயிருக்க வேண்டுமல்லவா? போகவில்லை. வண்டி முன்னைவிட உயரமாகி, முகப்பு முன்னைவிட முறைத்துக்கொண்டு, விளம்பரத்தில் முன்னைப் போலவே மலை உச்சியில் நிற்கிறது. பத்து கியர்களைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டியில் ஒரு கையைத் தொடையில் வைத்துக்கொண்டு போகிறவரை அங்கே யாரும் ஓட்டத் தெரியாதவர் என்பதில்லை. இன்று கை கியர் வண்டி வைத்திருந்தால் திருடனுக்கு ஓட்டத் தெரியாது, தனிப் பூட்டு வேண்டாம் என்பது அங்கே ஒரு கேலி. ஆக, அந்த 'ஒரு இது' கியரில் இருந்ததே இல்லை. கியரின் மேல் உட்கார்ந்திருந்தது. இடம் போனதும் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்துகொண்டது.

நம் ஊரிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50க்குக் கியர் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிய விவசாயி அதில் இரண்டு மூட்டைத் தீவனமும் பால் கேனும் கட்டிக்கொண்டு, நடுவில் தானும் எப்படியோ செருகிக்கொண்டு போகிறார். அது உழைப்பாளியின் வண்டி. ஸ்கூட்டிக்கும் கியர் இல்லை, அது 'லேடீஸ் வண்டி'. 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தமிழக அரசு இருசக்கர வாகன மானியம் தந்தபோது, வண்டி கியர் இல்லாததாகவோ தானே கியர் மாற்றிக்கொள்வதாகவோ, 125 சிசிக்கு மேற்படாததாகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. மானியம் நல்ல காரியம், எத்தனையோ பேரைப் பேருந்துக்குக் காத்திருப்பதிலிருந்து விடுவித்தது. ஆனால் அந்த நிபந்தனையை எழுதிய கை யாரை நினைத்து எழுதியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டமே இருசக்கர உரிமத்தைக் கியர் இல்லாதது, கியர் உள்ளது என்று பிரிக்கிறது. நம் ஊரில் அந்த இரண்டு வகையில் யார் எதற்கு விண்ணப்பிப்பார் என்று விண்ணப்பத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

சங்க இலக்கியம் படிக்கிறவளாக இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. முல்லைத் திணைப் பாட்டுகளில் போர் முடித்துத் திரும்பும் தலைவன் தேரில் வருகிறான். தேரை அவன் ஓட்டுவதில்லை. பாகன் ஓட்டுகிறான். குதிரையை விரட்டு, மாலைக்குள் போய்ச் சேர வேண்டும் என்று தலைவன் சொல்கிறான், பாகன் செய்கிறான். கடிவாளம் பிடிக்காததால் அந்தத் தலைவனின் வீரம் குறைந்ததென்று இரண்டாயிரம் வருடமாக எந்த உரையாசிரியரும் எழுதவில்லை. பாகனைப் பற்றியும், அவன் எப்படி ஓட்டக் கற்றுக்கொண்டான் என்பதைப் பற்றியும்கூட எழுதவில்லைதான். தலைவி வீட்டுச் சுவரில் கோடு கிழித்து நாளெண்ணிக்கொண்டிருக்கிறாள், அவளுக்குத் தேரே கிடையாது. கையால் ஓட்டுவது மாண்பா, ஓட்டுவிப்பது மாண்பா என்பதை எப்போதும் வண்டிக்குள் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் முடிவு செய்திருக்கிறது.

இன்றைக்கும் இந்தியாவில் ஆட்டோமேட்டிக் பிக்கப் யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் இங்கே வந்தபோது தொடக்க விலையே 33.99 லட்சம். ஆட்டோமேட்டிக் அதற்கும் மேலே. அதில் காய்கறி ஏற்றுகிறவர்கள் யாருமில்லை. மலையேறிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். காய்கறியும் சிமெண்டும் தண்ணீர் கேனும் ஏற்றுகிற வண்டிகளில் பெரும்பாலும் கை கியர்தான், ஏனென்றால் அது விலை குறைவு, பட்டறையில் எவரும் பிரித்து மாட்டுவார்கள். முழங்கால் சம்பளக்காரருடையது, விலைப்பட்டியலில் அதற்கு இடமில்லை. கியரின் பெருமையைப் பேசும் ஸ்டாண்டு நண்பர்களுக்கும் கால் வலிக்கிறது, அதைச் சொல்வதற்கான மொழிதான் அவர்களுக்குத் தரப்படவில்லை. வலியைப் பெருமையாக மாற்றித்தான் பேச முடியும் என்ற நிலையில் வைக்கப்பட்ட ஆண்கள் மேல் எனக்குக் கோபம் அதிகம் இல்லை.

கோபம் வேறொன்றில். கியரை எங்கே கற்றார்கள்? எங்கள் பக்கத்து டிரைவர்களில் பலர் பதினான்கு பதினைந்து வயதில் கிளீனராக ஏறியவர்கள். லாரியின் அடியில் படுத்து எண்ணெய் பார்த்து, இரவு கேபினுக்கு மேலே தார்ப்பாயில் தூங்கி, ஆளில்லாத நெடுஞ்சாலையில் டிரைவர் மனம் வைத்த ஒரு விடிகாலையில் ஸ்டியரிங் தொட்டவர்கள். எஞ்சின் நூறு முறை அணைந்திருக்கும். திட்டு வாங்கியிருப்பார்கள், தலையில் குட்டு வாங்கியிருப்பார்கள், மறுபடி கிளப்பியிருப்பார்கள். குழந்தை உழைப்பை நான் புகழவில்லை. ஆனால் அந்தக் கல்விக்கு நுழைவுத் தகுதி, வீட்டுக்கு வெளியே கழிக்க அனுமதிக்கப்பட்ட இரவுகள். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு அந்த இரவுகளைக் கொடுத்தார்கள்? கை கியரை அறிவு என்கிறோம். அந்த அறிவு வாசலுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தது என்பதைச் சொல்வதில்லை. பிறகு வாசலுக்குள் இருந்தவளைப் பார்த்து, உனக்கு அது வராது என்கிறோம்.

எனக்கு முப்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றுத்தந்த பயிற்சியாளர், மூன்றாம் நாள் எஞ்சின் நான்காவது முறை அணைந்ததும், "மேடம், உங்களுக்கெல்லாம் ஆட்டோமேட்டிக்கே போதும்" என்றார். அதே வாரம் அதே வண்டியில் பத்தொன்பது வயதுப் பையன் ஐந்து முறை அணைத்தான். அவனிடம், "விடுடா, பழகிடும்" என்றார். இரண்டுமே அன்பாகச் சொன்னவை. ஐரிஸ் மேரியன் யங் 1980இல் 'த்ரோயிங் லைக் எ கேர்ள்' என்ற கட்டுரையில், பெண்கள் ஒரு காரியத்தில் முழு உடலையும் இறக்குவதில்லை, 'முடியும்' என்று நீளும் கையை 'முடியாது' என்ற எண்ணம் பாதியில் பிடித்துக்கொள்கிறது, இது இயற்கை அல்ல, வளர்ப்பு என்று வாதிட்டார். கிளட்சில் கால் வைத்தபோது எனக்கு அது புரிந்தது. பாதி அழுத்தினால் கியர் விழாது, பற்கள் உறுமும். அடிவரை அழுத்த வேண்டும். அடிவரை அழுத்தி உட்கார எனக்கு முன்னால் எந்த இருக்கையும் கற்றுத்தரவில்லை. 1993இல் கன்னியாகுமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தபோது, அந்த நாளின் பேருந்து கியர் என்பது தோளிலிருந்து தள்ள வேண்டிய சமாச்சாரம். பெண் உடலுக்கு முடியாது என்ற பேச்சுக்கு அவர் தினசரி டிரிப் ஷீட்டில் பதில் எழுதினார்.

அப்படியென்றால் நான் கை கியரின் பக்கமா? கற்றுக்கொண்ட பிறகு எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது என்பதை மறைக்கப் போவதில்லை. எஞ்சின் சத்தம் கேட்டு, மீட்டரைப் பார்க்காமல் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது அசை சரியாக விழுந்த வரி மாதிரி இருக்கும். மேத்யூ கிராஃபோர்டு என்ற அமெரிக்கர் அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்தினார். 2009இல் அவர் எழுதிய 'ஷாப் கிளாஸ் அஸ் சோல்கிராஃப்ட்' நூலில், பொருள்களோடு கையால் மல்லுக்கட்டும் அறிவு மனிதருக்குச் சுயமரியாதை தருகிறது, எல்லாவற்றையும் மூடி மறைத்துத் தானே செய்துவிடும் இயந்திரங்கள் நம்மைச் சார்ந்து நிற்பவர்களாக்குகின்றன என்கிறார். படிக்கும்போது தலையாட்டினேன். மூடிவிட்டு அடுப்படிக்குப் போனதும் அம்மாவின் அம்மி நினைவுக்கு வந்தது. கையால் மல்லுக்கட்டும் அறிவில் அம்மாவை மிஞ்ச யார் உண்டு? எந்த மிளகாய் எவ்வளவு தண்ணீர் கேட்கும் என்பது அவர் தோளுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு யாரும் சுயமரியாதை என்று பெயர் வைக்கவில்லை. 'கைப்பக்குவம்' என்று பெயர் வைத்து, மிக்சி வந்ததும் பெண்கள் சோம்பேறியாகிவிட்டார்கள் என்றார்கள். வேண்டுமென்று எடுத்துக்கொண்ட கஷ்டத்தில்தான் ஆன்மா வளரும் போலிருக்கிறது. தலையில் வந்து விழுந்த கஷ்டத்தில் தோள்பட்டை தேய்கிறது.

ஆனால் மிக்சி ஒன்றை அம்மாவிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. எப்போது நிறுத்த வேண்டும் என்ற தீர்ப்பை. இன்றும் மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்துத்தான் இறக்குகிறார். உழைப்பு குறைந்தது, அறிவு அவர் கையில் இருந்தது. கியர் விஷயத்தில் நான் பார்க்க விரும்புவதும் இதைத்தான். செய்யாமல் இருக்கலாம் என்பது ஒன்று. தெரிந்துகொள்ள வேண்டாம் என்பது இன்னொன்று. பெண்களுக்கு ஆட்டோமேட்டிக்கை விற்கிறவர்கள் முதலாவதைக் கொடுத்துவிட்டு, கூடவே இரண்டாவதையும் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள்.

இதை மலை இறங்கும்போது தெரிந்துகொள்ளலாம். தம்பியின் பொலேரோ பிக்கப்பில் சோளக்காட்டிலிருந்து பலாப்பழம் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை இறங்கினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "அக்கா, ரெண்டுலயே விடு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராத" என்றான். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் விதி. தாழ்ந்த கியரில் காலை எடுத்துவிட்டால், சக்கரம் எஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கிறது, எஞ்சின் அதற்கு இடம் கொடுக்காமல் முரண்டுபிடிக்கிறது, அந்த முரண்டுதான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக் வளைவுக்கு மட்டும். கீழே நான்கைந்து வளைவு இருக்கும்போது ஒரு கார் ஓரமாக நின்றிருந்தது. சக்கரத்திலிருந்து புகை, கருகின வாடை. ஆட்டோமேட்டிக் கார். ஓட்டியவர் ஓர் ஆண். அவர் வண்டியிலும் கியரைத் தாழ்த்திப் பூட்டிக்கொள்ள வசதி இருந்தது, கம்பிக்குப் பக்கத்தில் எழுத்துப் போட்டிருந்தது. தம்பி இறங்கிப் போய்க் காட்டினான். வாங்கின நாளிலிருந்து அந்த எழுத்து எதற்கென்று தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார் அவர். அமெரிக்க பிக்கப்புகளில் இழுவைக்கென்றே ஒரு பொத்தான் உண்டு, இறக்கத்தில் கியரைத் தாழ்த்தி எஞ்சினால் பிடித்துக்கொள்ளும். தானியங்கி என்பதற்கு அறியாமை என்று பொருளில்லை. அப்படிப் பொருள் வைத்து விற்கிறார்கள்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. ஒரு தொழிலில் திறமை தேவையில்லை என்று அறிவிக்கப்படும் நாளில்தான் அதன் கதவு பெண்ணுக்குத் திறக்கிறது, அதே நாளில் கூலியும் இறங்குகிறது. ஹாரி பிரேவர்மன் 1974இல், இயந்திரமயமாக்கலில் தொழிலாளியின் கையிலிருந்த அறிவு எப்படி நிர்வாகத்தின் கைக்குப் போகிறது என்று விரிவாக எழுதினார். அலுவலக எழுத்தர் வேலை ஆணின் கௌரவப் பணியாக இருந்து பெண்ணின் குறைந்த சம்பள வேலையான கதையும் அதில் வருகிறது. நாளை கியர் இல்லாத சின்ன லாரிகள் நிறைந்து, பெண்கள் அதிகம் ஓட்ட வந்து, "இதுக்கென்ன பெரிய வாடகை, யார் வேண்டுமானாலும் ஓட்டுறதுதானே" என்று புரோக்கர் சொல்லும் நாள் வரலாம். ஸ்டாண்டு நண்பரின் பயத்தில் இந்தப் பயமும் கலந்திருந்தால் அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து அக்காவின் முழங்கால் அல்ல. விடிகாலை மூன்று மணியும், ஏற்றி இறக்கும் மூட்டையும், அழுகாமல் கொண்டு சேர்க்கும் கணக்கும், எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் தேங்கும் என்பதும் கியர்ப்பெட்டிக்குள் இல்லை. வாடகை அதற்கெல்லாம் சேர்த்து.

அக்காவிடம் இத்தனையும் சொல்லவில்லை. ஓட்டுவதுதான் அக்கா, அதிலென்ன சந்தேகம் என்றேன், வா போய்ப் பார்ப்போம் என்றேன். ஒரு சனிக்கிழமை மின்சாரச் சிறு லாரி விற்கும் கடைக்குப் போனோம். விற்பனைப் பையன் என்னிடம் கார் காட்டலாமா என்று கேட்டு, இல்லை என்றதும் எங்களுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தான். பிறகு வண்டியைச் சுற்றிக் காட்டினான். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, சத்தம் இல்லை, பெண்களுக்கு ரொம்ப ஈசி. 2022இல் வந்த ஏஸ் மின்வண்டி முழு சார்ஜில் 154 கிலோமீட்டர் என்று சான்று பெற்றதை நான் படித்துவிட்டுப் போயிருந்தேன், லோடோடு எவ்வளவு என்று கேட்டேன். எழுதிக்கொண்டான். அக்கா உள்ளே ஏறி உட்கார்ந்து, இடது காலைப் பழக்கத்தில் முன்னால் நீட்டி, அங்கே ஒன்றும் இல்லாததைக் கண்டு சிரித்தார். பிறகு கேட்டார்:

"ஏஞ்சாமி, லோடோட மலை எறங்குறப்ப இது என்னயப் புடிச்சு நிறுத்துமா, நான் இதப் புடிச்சு நிறுத்தணுமா?"

"அதெல்லாம் நீங்க தெரிஞ்சுக்கவே வேண்டியதில்லைம்மா, எல்லாம் ஆட்டோமேட்டிக்."

இறக்கத்தில் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி வண்டியைப் பிடிக்கும், பேட்டரி நிறைந்திருந்தால் அந்தப் பிடி குறையும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"தெரிஞ்ச ஆளு உள்ள இருந்தா கூட்டியா சாமி. எனக்கு அவசரமில்ல."

அவன் உள்ளே போனான். நாங்கள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வண்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம்.